கட்டிப்பிடித்தால் பூனை

ஒரு பெண் கட்டிப்பிடித்தால் பையன் எலியாகிவிடுவான். ‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்’ என்ன கதை என்று யாராவது கேட்டால் இதைத்தான் முதலில் சொல்லியாக வேண்டும். சொன்னதுமே கேட்டவர் முகத்தில் ஒரு மாதிரி சிரிப்பு வரும். “இல்லைங்க, முழுசாக் கேளுங்க” என்று நாம் இழுப்பதற்குள் அவர் வேறு பேச்சுக்குப் போயிருப்பார். அதனாலேயே இந்தத் தொடரை யாரிடமும் வாயால் சிபாரிசு செய்வதை விட்டுவிட்டேன். எழுத்தில் சொன்னால் குறுக்கே யாரும் சிரிக்க முடியாது, அதுதான் இந்தப் பதிவு.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கதையின் பெரிய திருப்பங்களைத் தொடாமல் நான் சொல்ல வந்ததைச் சொல்ல வழியில்லை. ஒன்றும் தெரியாமல் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நேராகக் கடைசிப் பத்திக்குப் போய், எதை முதலில் பார்ப்பது என்று மட்டும் தெரிந்துகொண்டு கிளம்பிவிடுங்கள்.

நாட்சுகி தகாயா இந்த மாங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, 1998 ஜூலையில் ‘ஹனா டு யுமே’ இதழில் தொடங்கினார். ஹகுசென்ஷா பதிப்பகத்தின் இதழ் அது. மாதம் இருமுறை வரும், பெரும்பாலும் பதின்வயதுப் பெண்கள் வாசிப்பது. கதை 2006 நவம்பரில் முடிந்தது. 136 அத்தியாயங்கள், 23 தொகுதிகள். நடுவில் 2001இல் ஷோஜோ (பதின்வயதுப் பெண்களுக்கான) பிரிவில் கோடன்ஷா மாங்கா விருது கிடைத்தது. இன்றுவரை உலகம் முழுக்க 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் போயிருக்கிறது. எண்களை விடுங்கள். எட்டு வருடம் ஒருவர் ஒரே கதையை வரைந்தார் என்பதுதான் இங்கே எனக்கு முக்கியம். தொடங்கிய தகாயாவும் முடித்த தகாயாவும் ஒரே ஆள் இல்லை. நடுவில் வரைகிற கையில், அவருக்கு அது இடது கை, அறுவைச் சிகிச்சை செய்யவேண்டி வந்து தொடரே சில காலம் நின்றுபோனது. திரும்பி வந்தபின் கோடுகளே மாறியிருந்தன. ஆரம்பத் தொகுதிகளில் முகத்தில் பாதி கண்ணாக இருக்கும். பின்னால் வரும் முகங்கள் நீண்டு, மெலிந்து, கொஞ்சம் களைத்தும் தெரியும். எனக்கு அந்தக் களைத்த முகங்கள்தான் பிடிக்கும்.

கதைக்கு வருவோம். தோரு ஹோண்டா உயர்நிலைப் பள்ளி மாணவி. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா க்யோகோ சாலை விபத்தில் போய்விட்டாள். தாத்தா வீட்டில் பழுதுபார்ப்பு வேலை நடக்கிறது. யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்று இந்தப் பெண் காட்டோரம் ஒரு கூடாரம் போட்டுத் தனியாக இருக்கிறாள். பகலில் பள்ளி, இரவில் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை. கூடாரம் போட்ட இடம் சோமா என்ற பெரிய குடும்பத்தின் நிலம். மண் சரிந்து கூடாரம் புதைந்துபோக, அவளை அந்தக் குடும்பத்து ஷிகுரே தன் வீட்டுக்கு அழைத்துவந்து ஓர் அறையைக் கொடுக்கிறான். அவள் படிக்கும் பள்ளியின் கனவு நாயகன் யூகியும் அங்கேதான் இருக்கிறான். கொஞ்ச நேரத்தில் கூரையைப் பிய்த்துக்கொண்டு இன்னொருவன், க்யோ, குதிக்கிறான். தடுமாறி அவன்மேல் விழுகிறாள் தோரு. புகை. கையில் ஆரஞ்சு நிறப் பூனை.

சீன, ஜப்பானிய ராசிச் சக்கரத்தின் பன்னிரண்டு விலங்குகளும், எலியிடம் ஏமாந்து கடவுளின் விருந்தைத் தவறவிட்ட பூனையும் இந்தக் குடும்பத்தில் தலைமுறைதோறும் யாராவது ஒருவர்மேல் ஏறும். எதிர்பாலினத்தவர் அணைத்தாலோ, உடம்பு சோர்ந்தாலோ விலங்காகிவிடுவார்கள். திரும்ப மனிதராகும்போது உடம்பில் துணி இருக்காது. நகைச்சுவைக்கு என்ன வேண்டுமோ அத்தனையும் இந்த ஒரு விதியில் இருக்கிறது. கம்பீரமான டாக்டர் ஹடோரி டிராகன் ராசிக்காரர். புகை விலகியதும் பார்த்தால் குட்டிக் கடல்குதிரை.

இந்த இடத்தில் வேறு எழுத்தாளர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். வாரத்துக்கொரு விலங்கு, வாரத்துக்கொரு அசட்டு விபத்து என்று இருபது வருடம் ஓட்டலாம். விதியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம், புதிய மந்திரம் சேர்க்கலாம், வில்லன் கொண்டுவரலாம். தகாயா விதியை மாற்றவே இல்லை. அதே விதியை எடுத்துக்கொண்டு, ‘சரி, இப்படி ஒரு குழந்தை நிஜமாகவே பிறந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும்?’ என்று கேட்டுக்கொண்டே போனார்.

மகன் பிறக்கிறான். அம்மா எடுத்து மார்போடு அணைக்கிறாள். கையில் முயல்.

மோமிஜியின் கதை இது. தொடரிலேயே சதா துள்ளிக்கொண்டிருக்கும் பையன் அவன்தான். அவனுடைய அம்மாவால் அந்த அதிர்ச்சியிலிருந்து மீள முடியவில்லை. கடைசியில் மகனைப் பெற்ற நினைவையே அழித்துவிடச் சம்மதிக்கிறாள். ஹடோரிக்கு நினைவை அழிக்கத் தெரியும், அவர்தான் அழிக்கிறார். அதன்பின் அவளுக்கு ஒரு மகள் பிறக்கிறாள். தனக்கு ஒரு அண்ணன் உண்டு என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியாது. அம்மா வேலைக்காரர்களிடமோ மற்றவர்களிடமோ பேசுவதைப்போல மோமிஜியிடமும் மரியாதையாக இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கடந்துபோகிறாள். அவனும் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறான். முதல் சில அத்தியாயங்களில் நாம் சிரித்த அதே புகை, அதே முயல். விதியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

ஹடோரியின் கதையும் அப்படித்தான். காதலித்த பெண்ணின் நினைவைத் தன் கையாலேயே அழிக்கவேண்டி வருகிறது அவருக்கு. ஆனால் இந்த விதியின் மிகக் கொடூரமான பலனைத் தகாயா மிகவும் தள்ளி வைத்திருக்கிறார். தோருவின் அம்மா காரில் அடிபட்ட அந்த நொடியில் க்யோ பக்கத்தில் நின்றிருந்தான். கையைப் பிடித்து இழுத்திருந்தால் அவள் பிழைத்திருக்கக்கூடும். இழுத்தால் அவன்மேல் விழுவாள். நடுத்தெருவில் பூனையாகிவிடுவோம் என்று ஒரு கணம் தயங்கினான். முதல் அத்தியாயத்தில் தோரு தடுமாறி க்யோமேல் விழுந்து பூனையாக்கினாள் அல்லவா? அந்தக் காட்சியை இதைத் தெரிந்துகொண்டு மறுபடி படித்துப்பாருங்கள். எனக்கு அதற்குப் பிறகு அந்தப் பக்கம் சிரிப்பாக இல்லை.

இங்கேதான் அனிமே பற்றிய என் வழக்கு ஆரம்பிக்கிறது.

முதல் அனிமே 2001 ஜூலையிலிருந்து டிசம்பர் வரை டிவி டோக்கியோவில் வந்தது. ஸ்டூடியோ டீன் தயாரிப்பு, இயக்கம் அகிடாரோ டைச்சி, 26 எபிசோட். அப்போது மாங்கா பாதியைக்கூடத் தொடவில்லை. டைச்சி நகைச்சுவையில் கெட்டிக்காரர். காட்சி திடீரென்று உறையும், பின்னணி காணாமல் போகும், பாத்திரங்கள் குட்டி பொம்மைகளாகச் சுருங்கி ஓடும். அந்த வேகம் இந்தக் கதையின் முதல் பகுதிக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. ரிட்சுகோ ஒகாசாகி எழுதிப் பாடிய தொடக்கப் பாடலோ இதற்கு நேரெதிர். தூங்காத குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுகிறமாதிரி குரல். கலகலப்பான ஒரு தொடருக்கு யாராவது இப்படியொரு பாட்டை வைப்பார்களா? வைத்தார்கள். அந்தப் பாட்டு ஒன்றுதான் கதை எங்கே போகப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்த மாதிரி இருக்கும். ஒகாசாகி 2004 மே மாதம், 44 வயதில் இறந்துபோனார். மாங்கா முடிந்ததை அவர் பார்க்கவில்லை.

அந்த 2001 தொடர் க்யோவின் உண்மை உருவம் வெளிப்படும் இடத்தோடு முடிந்துவிடும். பூனைக்கு இன்னொரு உருவம் உண்டு. கையில் கட்டிய மணிமாலையைக் கழற்றினால் கோரமான, நாறுகிற ஒரு மிருகம். அவனுடைய அம்மா, உன்மேல் உயிரையே வைத்திருக்கிறேன் என்று வாய் ஓயாமல் சொல்வாள். ஆனால் மாலை கையில் இருக்கிறதா என்று ஒரு நாளைக்கு எத்தனையோ முறை எடுத்துப் பார்ப்பாள், வெளியே அனுப்பமாட்டாள். தோரு அப்படியெல்லாம் பேசுவதில்லை. பயமாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறாள், உடம்பு நடுங்குகிறது, ஆனாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள், ஒன்றாக வீட்டுக்குப் போகலாம் என்கிறாள். பயமே இல்லை என்று சொன்ன அம்மாவிடமிருந்து பயமாக இருக்கிறது என்று சொல்லும் பெண்ணிடம் அவன் வந்துசேரும் இடம் அது. தகாயாவின் மிக நல்ல அத்தியாயங்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அங்கேயே கதை முடிந்தால் என்ன அர்த்தம் கிடைக்கிறது? அன்பு எதையும் வெல்லும். சுபம் போட்டு எழுந்து போகலாம். மாங்காவில் அது 23இல் ஆறாவது தொகுதி. அதற்கப்புறம் தகாயா அந்தச் சுபத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப்போட்டார். கை பிடித்தால் போதுமா? அந்தக் கை அவளுக்கு ஏன் தேவைப்படுகிறது? எல்லோரிடமும் அன்பாக இருக்கும் இந்தப் பெண் தனக்கென்று ஏன் எதையும் கேட்பதில்லை?

மறு ஆக்கம் 2019 ஏப்ரலில் தொடங்கியது. டிஎம்எஸ் என்டர்டெயின்மென்ட் தயாரிப்பு, யோஷிஹிதே இபாடா இயக்கம். குழுவும் குரல்களும் மொத்தமாகப் புதிதாக இருக்கவேண்டும் என்பது தகாயாவின் விருப்பம், மேற்பார்வையும் அவரே. 2019இல் 25, 2020இல் 25, 2021இல் 13 என்று மொத்தம் 63 எபிசோட். கதையைக் கடைசிவரை சொன்னார்கள். அதற்காகவே எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

ஆனால் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. 2019 தொடருக்கு முடிவு தெரியும். முதல் எபிசோடிலேயே ஒளி மென்மையாக விழுகிறது, இசை ஏற்கெனவே வருந்துகிறது. தோரு சிரிக்கும்போதே இவள் மனதுக்குள் அழுகிறாள் என்று சட்டகம் சொல்லிவிடுகிறது. 2001இல் ஒன்றும் தெரியாமல் சிரித்தார்கள், பார்த்த நாமும் சிரித்தோம். இந்தக் கதைக்கு அந்த அறியாச் சிரிப்பு தேவை என்று நினைக்கிறேன். சிரித்தவனுக்குத்தான் பின்னால் குற்ற உணர்ச்சி வரும். முழுமை எது என்று கேட்டால் புதியதைத்தான் சொல்வேன். முதல் பத்து எபிசோடுக்கு மட்டும் பழையதற்கே என் ஓட்டு.

இரண்டாவது சீசனில்தான் மறு ஆக்கம் நிமிர்ந்து நிற்கிறது. அழகான இரண்டு பையன்கள், நடுவில் ஒரு பெண். முக்கோணம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கையில், யூகி ஒருநாள் தன் நண்பனிடம் உடைந்து சொல்லிவிடுகிறான்: தோருவிடம் தான் தேடியது காதலியை இல்லை, அம்மாவை. சொல்ல அவனுக்கே அத்தனை வெட்கம். போட்டி, பொறாமை, மழையில் ஓடுவது என்று எதுவும் இல்லாமல், ஒருவன் தன் மனதைத் தானே கவனித்துப் பார்த்ததில் ஒரு முக்கோணம் கரைந்துபோகிறது. பள்ளிக் காதல் கதைகளில் நான் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. யூகியின் சொந்த அம்மா அவனைக் குடும்பத் தலைமைக்கு ஒரு பண்டம்போலக் கொடுத்துவிட்டவள் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

குடும்பத் தலைமை என்றேன். அகிடோ. விலங்குகளைக் கூட்டி விருந்து வைத்த கடவுளின் இடத்தில் பிறந்தவர். மற்றவர்களால் அகிடோவை வெறுக்கவும் முடியாது, விட்டுப்போகவும் முடியாது. முன்னால் நின்றால் காரணமே இல்லாமல் கண்ணீர் வரும். 2001 தொடர் அகிடோவை நோயாளி இளைஞனாகக் காட்டியது, ஏனென்றால் மாங்காவில் ரகசியம் அப்போது உடையவில்லை. அகிடோ ஒரு பெண். பெற்ற தாய் ரென் வலியுறுத்தியதால் ஆணாக வளர்க்கப்பட்டவள். அப்பாவின் அன்பைப் பங்குபோட இன்னொரு பெண் வந்துவிட்டாள் என்று மகளையே வெறுக்கும் தாய். யாரும் உன்னை விட்டுப் போகமாட்டார்கள், நீ அன்பு செய்யப்படவே பிறந்தவள் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த அப்பா. இரண்டில் எது அகிடோவை அதிகம் கெடுத்தது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இந்தச் சாபத்தின் தொடக்கக் கதையைத் தகாயா கடைசியில்தான் சொல்கிறார். மலைமேல் தனியாக இருந்த கடவுளிடம் முதலில் போனது பூனை. அப்புறம்தான் மற்ற விலங்குகள். பூனை சாகக் கிடந்தபோது, பிரிய மனமில்லாத கடவுள் எல்லோரும் என்றென்றும் ஒன்றாகப் பிறக்க ஒரு கிண்ணத்தில் வாக்குறுதி ஊற்றிக் குடிக்கவைத்தார். பூனைக்கு மட்டும் அது வேண்டாம். முடிவு வந்தால் வரட்டும் என்றது. துரோகி என்று மற்றவை அதை ஒதுக்கின. ஆக, எலி ஏமாற்றிய கதையெல்லாம் பிறகு மற்றவர்கள் ஒட்டவைத்தது. சாபம் என்று இத்தனை தொகுதி நாம் நினைத்துக்கொண்டிருந்தது, பிரிய மனமில்லாத ஒருவர் அன்போடு கேட்ட உறுதிமொழி.

அதனால்தான் அதை முறிக்க யாரும் வாள் எடுக்கவேண்டியிருக்கவில்லை. அது நைந்துபோகிறது. சேவல் குரேனோவுக்குச் சின்ன வயதிலேயே அறுந்துவிட்டது. அகிடோ அழுததைப் பார்த்து இரக்கப்பட்டு, பறக்க முடிந்தவன் கூட்டிலேயே இருந்துவிட்டான். மோமிஜிக்கு அறுந்தபோது அவன் துள்ளவில்லை. விடுதலை என்று எதற்கு ஏங்கினானோ அது வந்ததும் வெறுமையாக இருக்கிறது அவனுக்கு. கட்டு அறுந்தால் கொண்டாட்டம் என்றுதானே கதைகளில் வரும்? இங்கே ஒவ்வொருவரும் தனியாக ஒரு மூலையில் நின்று அழுகிறார்கள்.

எல்லாம் பிடித்திருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அகிடோ செய்தவை சாதாரணமானவை இல்லை. ஹடோரியின் ஒரு கண் பார்வை கிட்டத்தட்டப் போனது அவளால். அதே குடும்பத்துப் பெண் ரின்னை ஜன்னலிலிருந்து தள்ளினாள், பிறகு பூனைக்கென்று வைத்திருந்த அறையில் பூட்டிவைத்தாள். குரேனோவைக் குத்தினாள். இத்தனைக்கும் அப்புறம் தோரு கை நீட்டுகிறாள், அகிடோ திருந்துகிறாள், ஷிகுரேயோடு வாழ்க்கை தொடர்கிறது. தோரு மன்னித்தது தோருவின் இயல்பு, சரி. ரின் மன்னிக்கவில்லை என்பதைத் தகாயா ஒரு ஓரத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்த ஓரத்தில் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். ஷிகுரேவையும் கதை அநியாயத்துக்குச் சுலபமாக விட்டுவிடுகிறது.

இன்னொரு உறுத்தல், க்யோகோவும் கட்சுயாவும். தோருவின் அப்பா அம்மா. அவள் ஊரே பயந்த ரவுடிக் கும்பல் பெண், பள்ளி மாணவி. அவன் அங்கே வந்த பயிற்சி ஆசிரியன். மாங்காவில் அழகாகச் சொல்லப்பட்ட காதல்தான். ஆனாலும் படிக்கும்போது வயதைக் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. 2021 சீசனில் இந்தப் பகுதியை விட்டுவிட்டு, 2022 பிப்ரவரியில் ‘ப்ரிலூட்’ என்று தனிப் படமாக விட்டார்கள். உறுத்தலை மீறி அதைப் பார்க்கச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. கட்சுயா இறந்தபின் க்யோகோ மகளையே மறந்து சில காலம் இடிந்து கிடக்கிறாள். அப்பாவைப்போலப் பேசினால் அம்மா திரும்பிவருவாள் என்று அந்தக் குழந்தை நினைக்கிறது. அப்பாவின் பணிவான பேச்சைக் காப்பியடிக்க ஆரம்பிக்கிறது. 63 எபிசோடும் நாம் கேட்டு, சிலசமயம் எரிச்சல்பட்டு, கேலிகூடச் செய்த தோருவின் அந்த அளவுக்கு மீறிய மரியாதைப் பேச்சு அங்கிருந்து வந்தது. நல்ல பெண் என்பதால் அப்படிப் பேசவில்லை, அம்மா போய்விடக்கூடாது என்பதற்காகப் பேசினாள். இதைப் படத்தில் வைத்துவிட்டுத் தொடரில் விரித்துச் சொல்லாமல் விட்டது பெரிய குறை. மூன்றாவது சீசனுக்கு 13 எபிசோட் போதவே போதாது. யூகிக்கும், மாணவர் மன்றத்தில் அவனோடு இருக்கும் மாச்சிக்கும் நடுவில் மெல்ல வளரும் அந்த உறவும் அதில் பாதியாகச் சுருங்கிவிட்டது.

சரி, எதை முதலில் பார்ப்பது? 2001 தொடரின் முதல் சில எபிசோடுகளைச் சும்மா சிரிப்பதற்காகப் பாருங்கள், எங்கே அலுத்தாலும் நிறுத்திக்கொள்ளலாம். அப்புறம் 2019 தொடரை முதலிலிருந்து. இரண்டாவது சீசன் முடிந்ததும் ‘ப்ரிலூட்’ பார்க்கத் தோன்றும், பார்க்காதீர்கள், மூன்றாவதும் முடியட்டும். க்யோகோவின் விபத்தைப் பற்றி க்யோ சொன்னபிறகுதான் அந்தப் படம் வேலை செய்யும். மாங்காவில் நேரம் இருந்தால் 23ஐயும் படியுங்கள். இல்லையென்றால் மாணவர் மன்ற அறையில் மாச்சி வருகிற அத்தியாயங்களிலிருந்து கடைசிவரை மட்டுமாவது. அனிமே வெட்டியதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. ‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட் அனதர்’ என்று அடுத்த தலைமுறைக் கதை ஒன்றும் 2015இல் தொடங்கி வந்தது. அவசரமில்லை, பிள்ளைகளின் முகத்தில் அப்பா அம்மாவைத் தேடிப் பார்க்க ஆசைப்படும் ரசிகர்களுக்கானது அது.